அந்த அலை சரியில்லை

அத்தியாயம் பதினேழு

கோலாலம்பூரிலிருந்து இரண்டு பெட்டிகளும் ஒரு கணினியுமாக வந்து, தனேஷும் அவன் மனைவி நிரோஷாவும் சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவன் அக்கா ரமணியின் வீட்டுக் கதவைத் தட்டியதைப் போன வாரம் பார்த்தோம். நிரோஷாவுக்குக் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க வேலைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதுவரை நாத்தனார் வீடு. தனேஷ் என்ன செய்யப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக ஒரே ஒரு படத்துக்காகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவன் முதலில் நன்றாகத் தூங்கி எழட்டும் என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

அந்தப் படம் இன்றைக்கு வெளியாகிறது.

‘தீக்கோட்டை’ ஐந்தாம் பாகம். முதல் பாகம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நான்காம் பாகம் வந்து ஆறு வருடம். தளபதி நாகவேள் எரிகிற கோட்டைக்குள் தனியாக நிற்க, வெளிக்கதவு மெல்ல மூடுவதோடு நான்காம் பாகம் முடிந்திருந்தது. மூடுகிற கதவின் இடுக்கில் அவர் கை மட்டும் ஒரு கணம் தெரியும். அந்தக் கை அசைந்ததா இல்லையா என்று பினாங்கில் ஆறு வருடமாகச் சண்டை. அசைந்தது என்பது ரமணியின் கட்சி.

ரமணிக்கு நாற்பத்தைந்து வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால், நகத்தளவு தகட்டில் முடியளவு விரிசலைக் கூடக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் அதே கண் படத்தின் மேல் விழும். அவள் நடத்துகிற ‘கோட்டை வாசல்’ முகநூல் பக்கத்துக்கு முப்பத்தெட்டாயிரம் பேர். படம் வெளியாகும் அன்று மாலை ஐந்து மணிக்குள் அவளுடைய விமர்சனம் வந்துவிடும். நல்லதை நல்லது என்பாள், சொதப்பலைச் சொதப்பல் என்பாள். மூன்றாம் பாகத்தின் பாட்டுகளைத் திட்டியதற்காக ஒரு வாரம் அவளை வறுத்தெடுத்தார்கள். அவள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அப்படிப்பட்டவளுடைய தம்பியின் பெயரே இன்று திரையில் வரப்போகிறது. கிராஃபிக்ஸ் செய்த அறுநூறு பேரில் ஒருவன். ஆனால் ரமணிக்கு அந்த அறுநூறில் மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் கண்ணில் படவில்லை. தொழிற்சாலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்திலும் போட்டாகிவிட்டது.

காலை ஒன்பது மணிக் காட்சி. நூற்று எண்பது இருக்கைகளையும் கோட்டை வாசல் குழுவே எடுத்திருந்தது. நெஞ்சில் ஆரஞ்சு நெருப்பு போட்ட கறுப்பு டி-சட்டையை மாட்டிக்கொண்டு ரமணி சமையலறையில் தோசை சுட்டாள். தனேஷ் அரைத் தோசையோடு எழுந்துவிட்டான்.

படத்தை அவனும் இன்றுதான் முழுசாகப் பார்க்கப்போகிறான் என்று நிரோஷா சொன்னாள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்களாம். கதை என்ன, முன்னால் என்ன, பின்னால் என்ன, எதுவும் தெரியாதாம். அவனுடைய துண்டு எது என்று ரமணி எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். படத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

ரமணியின் கணவர் சிவநேசன் மட்டும் வரவில்லை. அவருக்கு இருட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். மத்தியானம் நிரோஷாவைக் கெப்பாலா பத்தாஸுக்கு அழைத்துப்போய் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு வருவது அவர் பொறுப்பு.

பேரங்காடிக்குள் உறுமி மேளம் அடிக்கக்கூடாது என்று பாதுகாவலர் சொல்லிவிட்டதால், கார் நிறுத்துமிடத்திலேயே அரை மணி நேரம் அடித்துத் தீர்த்தார்கள். ஹைக்கல் முன்னால் நின்று ஆடினார். வாடகைக் கார் ஓட்டுபவர், நாற்பது வயது மலாய்க்காரர். சின்ன வயதில் சுங்கை பினாங்கில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி விளையாடித் தமிழ் பேசக் கற்றவர். நாகவேளின் வசனங்களை மூச்சு விடாமல் சொல்லுவார். நாகவேள் உயிரோடு இருக்கிறார் என்று ஆறு வருடமாக ரமணியோடு சேர்ந்து வாதாடியவர்களில் முதல் ஆள் அவர்.

விளக்கு அணைந்தது.

நாகவேள் உயிரோடுதான் இருந்தார். முதல் காட்சியிலேயே வந்தார். ஹால் அதிர்ந்தது. ஹைக்கல் இருக்கை மேல் ஏறி நின்றார். திரையில் நாகவேள் ஒரு கடலோர உப்பளத்தில், தலையில் துண்டு கட்டி, உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

சரி, மறைந்து வாழ்கிறார், இதோ வாளை எடுத்துவிடுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் எடுக்கவில்லை. மகள் தேடி வந்து அழைத்தாள், போகவில்லை. பழைய எதிரி வந்து அவமானப்படுத்தினான், குனிந்து நின்று உப்பு வாரினார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சலில் படுத்து, ஒரு பாயில், போர் இல்லாமல், நெருப்பு இல்லாமல், கண்ணை மூடிவிட்டார்.

இடைவேளை விளக்கு எரிந்தது. சோளப்பொரி வாங்குகிற வரிசையில் ஹைக்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். சாவு கூடப் பரவாயில்லை என்றார் அவர், காய்ச்சலா வந்து சாக வேண்டும். ரமணிக்கும் வருத்தம்தான். ஆனால் அவளுக்குள் ஒரு மூலையில், இப்படிக்கூட ஒருத்தர் எடுக்கலாமோ என்று ஒரு யோசனையும் ஓடியது. அதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதி மகளுடையது. வந்தது, போனது. கடைசியில் கடல் பொங்கி, ஒரு பெரிய அலை எழுந்து, தீக்கோட்டையையே விழுங்க வேண்டும். பதினெட்டு வருடமாகப் பார்த்த கோட்டை அது. அதன் ஒவ்வொரு படியும் ரமணிக்குத் தெரியும்.

அலை எழுந்தது. எழுந்ததுமே ரமணிக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் கண்ணாடித்தாள் மாதிரி மினுங்கியது. நுரை பஞ்சு மாதிரி உருண்டது. அவ்வளவு பெரிய கோட்டை, கோயில் திருவிழாவில் விற்கிற பொம்மை மாதிரிச் சுருங்கிவிட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், குளியலறைப் பைப்பைத் திறந்து விட்டது யார் என்று கேட்டது.

ஹாலே சிரித்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்த ஏமாற்றமெல்லாம் சிரிப்பாக வெடித்தது. ரமணியும் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினாள்.

தனேஷ் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த நிரோஷா அவன் தோளில் கை போட்டிருந்தாள்.

படம் முடிந்ததும் பாதி ஹால் எழுந்து போய்விட்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது மிஞ்சியவர்கள் இருபது பேர் இருக்கலாம். மூன்று மூன்று வரிசையாக, கண் பிடிக்க முடியாத வேகத்தில் பெயர்கள் மேலே ஏறின. ரமணி எழுந்து நின்று தேடினாள். நடு வரிசையில், இரண்டு மலாய்ப் பெயர்களுக்கு இடையில், தனேஷ் சுப்பையா. இரண்டு விநாடி. அவள் கை தட்டினாள். அந்தச் சின்னக் கைதட்டல் காலி ஹாலில் எங்கேயோ போய் மோதித் திரும்பியது. யார் பெயரோ தெரியாமலே மீதி இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

தனேஷ் எழுந்து, அக்கா எப்படி இருந்துச்சு என்று கேட்டான்.

நல்லாத்தான் இருந்துச்சுலா என்றாள் ரமணி. சொன்ன வேகத்தில் அவளுக்கே அது ஒட்டவில்லை.

கீழே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கட்சி ஏற்பட்டிருந்தது. ஒருவர் டி-சட்டையைக் கழற்றிச் சுருட்டி கார் பின்பக்கம் எறிந்துவிட்டு, பனியனோடு நின்று பேசினார். இருபது வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர், இதுதான் ஐந்து பாகத்திலும் சிறந்தது, உங்களுக்கெல்லாம் வாள் சுழற்றினால்தான் படம் என்று பதிலுக்கு மல்லுக்கட்டினார்கள். உறுமியை யாரும் தொடவில்லை. எல்லாரும் ரமணியிடம் கேட்டது ஒன்றுதான். உங்க விமர்சனம் எப்ப வரும்?

ஐந்து மணிக்கு என்றாள்.

ஹைக்கல் அவளைத் தனியாக அழைத்து, மெதுவாகச் சொன்னார். “அக்கா, நான் ஒண்ணும் எழுத மாட்டேன். எனக்கு எழுதத் தெரியாது. நீங்க எழுதுங்க. நம்ம மனசுல இருக்கிறத எழுதுங்க, போதும்லா.”

கிளம்புவதற்கு முன் பெண்கள் கழிப்பறையில் கை கழுவும்போதுதான் நிரோஷா சொன்னாள். நிரோஷாவுக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. அவள் அப்பா கந்தப்பு நாற்பது வருடம் அரசாங்க குமாஸ்தா. அந்த வீட்டில் எல்லாரும் நேராகத்தான் பேசுவார்கள்.

“அந்த அலைதான் அண்ணி அவரோடது.”

ரமணியின் கை தண்ணீருக்கு அடியிலேயே நின்றது.

நிரோஷா சொல்லிக்கொண்டே போனாள். ஏழு வாரமாம். வீட்டுக்கே வரவில்லையாம். அலுவலகத்தில் மேசைக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தானாம். ரமணியின் அப்பாவுடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அவன் வராததற்கு இந்த அலைதான் காரணமாம். வராததற்காக அன்றைக்கு ரமணி தொலைபேசியில் கத்தியது நிரோஷாவுக்கும் தெரியும்.  அவள் கைத்துடைப்புத் தாளை எடுத்து நீட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். மத்தியானச் சோற்றைத் தனேஷ் ஒழுங்காகச் சாப்பிட்டான். அது ரமணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், கொஞ்சம் சுத்திட்டு வர்றேன் என்று சிவநேசனின் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு போனான். சிவநேசன் நிரோஷாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிக் கெப்பாலா பத்தாஸுக்குக் கிளம்பினார்.

ரமணி தனியாக உட்கார்ந்தாள். பதினோராம் மாடி ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது.

கைத்தொலைபேசியில் ஒரு வரி எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

முதலில் எழுதியது உண்மை. ஆறு வருடம் காத்திருந்தவர்களைக் காய்ச்சலில் படுக்க வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஆரம்பித்து, அலை என்ற இடத்தில் வந்து நின்றது. அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. அலையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். முப்பத்தெட்டாயிரம் பேரும் முதலில் தேடப்போவதே அந்த அலையைத்தான். இந்நேரம் அந்தக் காட்சியை வைத்து வாளித் தண்ணீர், குழந்தைக் குளியல் தொட்டி என்று கேலிப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்றில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்து மிதந்தது.

நாலரை மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு எழுதினாள். துணிச்சலான முயற்சி என்று எழுதினாள். இறுதிக் காட்சியில் கடல் அலை தத்ரூபம், உலகத் தரம், மயிர்க்கூச்செறியும் அனுபவம் என்று எழுதினாள். மயிர்க்கூச்செறியும் என்ற சொல்லை அவள் வாழ்க்கையில் இதற்கு முன் எழுதியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் கீழே பதில்கள் குவிந்தன. அக்கா, வேற படத்துக்குப் போயிட்டீங்களா என்றார் ஒருவர். பக்கத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். பிறகு ஒருவர், தம்பியைப் பற்றி அவள் முன்பு போட்ட பதிவைத் தேடி எடுத்துப் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார். தம்பி பெயர் வருகிறதே, தத்ரூபமாகத்தான் இருக்கும். அதற்கு நானூறு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

ஹைக்கல் கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

“அக்கா, தம்பிக்காக எழுதினீங்க. எனக்குப் புரியுது. ஆனா பதினோரு வருஷமா நீங்க எழுதினத நான் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். இன்னைக்குப் படிக்கல.”

வைத்துவிட்டார்.

கதவு திறந்தது. தனேஷ் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இன்னொரு கையில் தொலைபேசி. அவன் முகத்தைப் பார்த்ததுமே படித்துவிட்டான் என்று தெரிந்தது. அவள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

“அலை தத்ரூபம்னு எழுதியிருக்கக்கா.”

“ஆமாடா. நல்லாத்தான…”

“நீ சிரிச்சத நான் பாத்தேன்.”

ரமணி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“எல்லாரும் சிரிச்சாங்க,” என்றான். “வலிச்சுச்சு. பாலிக் புலாவ் வரைக்கும் மோட்டார்ல போனேன். போற வழியெல்லாம் வலிச்சுச்சு. ஆனா அந்தச் சிரிப்பு சரிக்கா. அந்த அலை சரியில்ல. எனக்கு அது மூணு மாசத்துக்கு முன்னாடியே தெரியும். ஆனா உன் பதிவப் படிச்சப்பதான், நான் இன்னும் உனக்குச் சின்னப் பையன்தான்னு தெரிஞ்சுச்சு.”

“அப்படி இல்லடா.”

“பின்ன எப்படி? ஸ்கூல்ல நான் வரைஞ்ச கோட்டையப் பாத்து, படிக்கட்டு எண்ணிக்கை தப்புன்னு அழிக்க வெச்சவ நீ. இன்னைக்கு உலகத் தரம்னு எழுதற.”

அவன் குரல் உயரவில்லை. ரமணி தலையைக் குனிந்து அழுதாள். சத்தமில்லாமல், டி-சட்டையின் நெருப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

பிறகு ரமணி கேட்டாள். கேட்கும்போது அது அக்காவின் குரலாக இல்லை. தொழிற்சாலையில் பழுதான தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற குரல்.

“அந்தத் தண்ணி ஏன்டா கோட்டையப் பொம்மையாக்கிருச்சு? அலை பெருசாத்தான இருந்துச்சு?”

தனேஷ் நிமிர்ந்தான். காலையிலிருந்து அவன் முகத்தில் இல்லாத ஓர் உயிர் வந்தது.

அலை பெரிதாக இருந்தால் போதாது, துளி சிறிதாக இருக்க வேண்டும் என்றான் அவன். கோட்டைச் சுவரில் மோதித் தெறிக்கிற துளி ஒரு பானை அளவு தெரிந்தால், பார்க்கிறவர் கண் கோட்டையைப் பானைக்குப் பக்கத்தில் வைத்து அளந்துவிடும். சிறிய துளியாகச் செய்யக் கணினிக்கு நாள்கணக்கில் நேரம் வேண்டும். அவர்கள் முதலில் செய்த அலை அப்படித்தான் இருந்தது, பகல் வெளிச்சத்தில், பத்து மாத வேலை. கடைசி நேரத்தில் காட்சியையே பொழுது சாயும் நேரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் மாறினால் தண்ணீர் முழுவதும் மாற வேண்டும். ஏழு வாரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

ரமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையில் நிறுத்தி, அப்போ அந்த மினுக்கம் எதனால என்றாள். அவன் காகிதத்தில் வரைந்து காட்டினான். வாத்து மிதக்கிற கேலிப் படத்தை அவளே எடுத்துக் காட்டினாள். அவன் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, வாத்துடைய நிழல் சரியாக விழுந்திருக்கிறது, செய்தவன் நல்ல வேலைக்காரன் என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரமணியும் சிரித்தாள்.

ஐந்தேகாலுக்கு அவள் அந்தப் பதிவை நீக்கினாள். முதலில் எழுதியது பொய், மன்னியுங்கள் என்ற வரியோடு புதிதாக ஆரம்பித்தாள். தனேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஆனால் திரையை எட்டிப் பார்க்கவில்லை.

எழுதி முடித்து அவளே படித்துக் காட்டினாள்.

“நாகவேளைப் பாயில் படுக்க வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்க வைத்துவிட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசி அலை சரியில்லை. அதைச் செய்தவர்களில் என் தம்பியும் ஒருவன். நான் ஹாலில் சிரித்தேன், அவன் பக்கத்தில் இருந்தான். பத்து மாத வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏழு வாரம் கொடுத்தவர்களைத்தான் நான் கேட்பேன், மேசைக்கு அடியில் படுத்து எழுந்தவர்களை அல்ல. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன இடம். நாகவேள் உப்பளத்தில் நடந்து போகிறார். அவருடைய காலடித் தடத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊறி, வானம் தெரிகிறது. நாலு விநாடிதான். அதற்காகவே இன்னொரு முறை போவேன்.”

படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அது அவனுடைய வேலையாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

“அந்தக் காலடியும் நீதானடா?”

“இல்லக்கா.” அவன் முகம் மலர்ந்திருந்தது. “அது ஃபாத்தின். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த பிள்ள. நாலு விநாடிக்கு ரெண்டு மாசம் உக்காந்தா. யாருமே கவனிக்க மாட்டாங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். இரு, இரு.”

அங்கேயே ஃபாத்தினை அழைத்தான். அந்தக் கடைசி வரிகளை மலாயில் மாற்றி மாற்றிச் சொன்னான்.  மறுமுனையில் அந்தப் பெண் மறுபடி படிக்கச் சொன்னாள். இன்னொரு முறை படித்தான். அம்மாவைக் கூப்பிடுகிறேன், அம்மாவிடமும் சொல்லுங்கள் என்றாள். ஈப்போவில் யாரோ ஒரு தாய்க்கு, தனேஷ் மூன்றாவது முறையாக அதைச் சொன்னான். ரமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னுடைய வேலைக்குக் கிடைக்காத பாராட்டை இன்னொருத்திக்கு இவ்வளவு சந்தோஷமாகக் கொண்டு போய்க் கொடுக்கிறவன், எப்போது இவ்வளவு பெரியவன் ஆனான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதிவு போய்விட்டது. திட்டுகிறவர்கள் திட்டினார்கள். கார் நிறுத்துமிடத்தில் மல்லுக்கட்டிய பிள்ளைகள், காலடித் தடத்தைத் தாங்களும் பார்த்ததாக எழுதினார்கள். பனியனோடு நின்றவர், நாளைக்கு டிக்கெட் எடுத்திருப்பதாகவும் அது காலடிக்காக மட்டும்தான் என்றும் எழுதினார். ஹைக்கல் ஒன்றும் எழுதவில்லை. ஆறு மணிக்கு அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ரமணி எழுதியதை அவர் தன் பிள்ளைகளுக்குத் தட்டுத்தடுமாறிப் படிக்கிற சத்தம் அதில் இருந்தது. நடுவில் ஒரு பிள்ளை, உப்பளம் என்றால் என்ன என்று மலாயில் கேட்டது.

சிவநேசனும் நிரோஷாவும் திரும்பிவந்தபோது அக்காவும் தம்பியும் ஒரு பொட்டலம் முறுக்கைக் காலி செய்திருந்தார்கள். என்ன நடந்தது என்று நிரோஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதிவைப் படித்தாள். ரமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வீடு பிடித்திருந்தது என்றாள். முன்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது, கறிவேப்பிலை வைக்கலாம். பின்பக்க அறையில் தனேஷின் கணினியை வைக்கலாம், அங்கிருந்து பார்த்தால் வயல் தெரிகிறது. சிவநேசன் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து பார்த்துவிட்டதாகவும் எல்லாம் ஒழுங்காக வருவதாகவும் அறிக்கை கொடுத்தார்.

யாருக்கும் சமைக்க மனமில்லை. வெயில் தணிந்ததும் நாலு பேரும் ஜெலுத்தோங் கடலோரத்துக்குப் பாசெம்பூர் சாப்பிடக் கிளம்பினார்கள். நீர் வற்றியிருந்தது. சேற்றில் கொக்குகள் நின்றன. தூரத்தில் பாலத்தின் மேல் கார்களின் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தது. இன்றைக்குக் காலையில் எழுந்தபோது இருந்த ரமணியைவிட இப்போது நடக்கிற ரமணி லேசாக இருந்தாள். படம் சரியில்லைதான். ஆனால் அந்த நாள் நன்றாகவே இருந்தது.

சிவநேசனும் நிரோஷாவும் கடையில் நின்று, எந்த வடை வேண்டும், எந்த இறால் வேண்டும் என்று தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தனேஷ் கடலோரத் தடுப்புச் சுவரில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கடைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“ஆறாவது பாகத்துக்குக் கூப்பிடறாங்கக்கா. இந்தத் தடவை என்னோட பொறுப்புல ஒரு குழு. ரெண்டு வருஷம், கோலாலம்பூர்ல. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நிரோஷாகிட்ட இன்னும் சொல்லல.”

ரமணி அவனை வெறித்துப் பார்த்தாள். கேட்க வேண்டியவை ஏராளம் இருந்தன. நிரோஷாவிடம் ஏன் சொல்லவில்லை, அந்தப் பின்பக்க அறை என்ன ஆவது, மறுபடி மேசைக்கு அடியில்தான் படுக்கப்போகிறாயா. ஒரு நல்ல அக்கா கேட்க வேண்டிய எல்லாமே அவள் தொண்டை வரை வந்தன. வாயைத் திறந்தபோது வேறு ஒன்றுதான் முந்திக்கொண்டது.

“நாகவேள் திரும்ப வர்றாராடா?”

தனேஷ் ஒரு கணம் விழித்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ரமணி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் தோள்களும் குலுங்கின.

இரண்டு தட்டுகளோடு சாலையைக் கடந்து வந்த நிரோஷா, என்ன இவ்வளவு சிரிப்பு, எனக்கும் சொல்லுங்களேன் என்று கேட்டபடி அவர்கள் முன்னால் நின்றாள்.